மேசைத் துருவல் பொறியைக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றுதல்

மேசைத் துருவல் பொறியைக் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றுதல் என்பது, கைச்சக்கரங்களைச் சுழற்றி இயக்கப்படும் சிறிய துருவல் பொறி ஒன்றின் அச்சுகளில் மின்னோடிகளைப் பொருத்தி, அவற்றைக் கணினி நிரல் ஒன்றின்படி நகரச் செய்யும் பொறியியல் வேலையாகும். துருவல் பொறி பட்டறை வழக்கில் மில்லிங் மெஷின் எனப்படுகின்றது. இம்மாற்றம் சி.என்.சி. கன்வெர்ஷன் அல்லது ரெட்ரோஃபிட் என்ற பெயர்களால் அறியப்படுகின்றது. பொழுதுபோக்காளர்கள், பொறியியல் மாணவர்கள், சிறு பட்டறை உரிமையாளர்கள் ஆகியோர் இதில் ஈடுபடுகின்றனர். சென்னையை அடுத்த காக்களூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் காணப்படும் வகையிலான சிறு பட்டறைகளுக்கு, புதிய சி.என்.சி. பொறி ஒன்றை வாங்காமலேயே அத்தொழில்நுட்பத்தைக் கற்கவும் பயன்படுத்தவும் இது ஒரு வழியாகும்.

மின்னோடிகளும் மின்னணுச் சுற்றுகளும் இம்மாற்றத்தின் கண்ணுக்குத் தெரியும் பகுதிகள். ஆயினும் மாற்றப்பட்ட பொறியின் துல்லியத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அதன் திருகுகள், தாங்கிகள், வழுக்குத் தடங்கள் ஆகியனவே. கணினி தான் அனுப்பிய கட்டளையை மட்டுமே அறியும். தளர்ந்த திருகு ஒன்றினால் மேடை நகராமல் நின்றதை அது அறியாது.

துருவல் பொறியும் அதன் அச்சுகளும்

துருவல் பொறியில் வெட்டுளி சுழல்கின்றது. பணிப்பொருள் மேடையில் இறுகப் பிடிக்கப்பட்டு வெட்டுளியை நோக்கி நகர்த்தப்படுகின்றது. கடைசல் பொறியில், அதாவது லேத்தில், பணிப்பொருள் சுழல, வெட்டுளி நகரும். நிலைக்குத்துத் துருவல் பொறி ஒன்றில் மூன்று நகர்வுகள் உள்ளன. மேடை இடவலமாக நகர்வது எக்ஸ் அச்சு; முன்பின்னாக நகர்வது ஒய் அச்சு; வெட்டுளியைத் தாங்கும் தலைப்பகுதி மேலும் கீழுமாக நகர்வது இசட் அச்சு. சில பொறிகளில் தலைப்பகுதிக்குப் பதிலாக மேடையே ஏறி இறங்கும்.

கையால் இயக்கும் பொறியில் ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு கைச்சக்கரமும் அதில் ஓர் அளவு வளையமும் உண்டு. இயக்குபவர் சுற்றுகளை எண்ணியே தொலைவை அறிகின்றார். எடுத்துக்காட்டாக, 60 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் மீது சம இடைவெளியில் ஆறு துளைகளை இடவேண்டும் எனக் கொள்வோம். மையத்திலிருந்து முதல் துளை எக்ஸ் திசையில் 30 மி.மீ. தொலைவில் அமையும். இரண்டாம் துளைக்கு எக்ஸ் 15 மி.மீ., ஒய் 25.98 மி.மீ. ஆகும். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் திருகில், இந்த ஒய் தொலைவுக்கு 12 முழுச் சுற்றுகளும் அதன் மேல் 1.98 மி.மீ.யும் திருப்பவேண்டும். ஒரு தகட்டுக்கு இவ்வாறு ஆறு இடங்கள். 20 தகடுகளுக்கு 120 இடங்கள். ஓரிடத்தில் ஒரு சுற்றைத் தவறவிட்டாலும் அத்தகடு வீணாகும். நேர்கோட்டில் அமையாத வளைவுகளைக் கைச்சக்கரங்களால் வெட்டுவது இதைவிடக் கடினம். இரண்டு அச்சுகளையும் ஒரே நேரத்தில், மாறிக்கொண்டே இருக்கும் வேக விகிதத்தில் சுழற்றுவது மனிதக் கைகளுக்கு ஏறத்தாழ இயலாததாகும்.

வரலாறு

எண்முறைக் கட்டுப்பாட்டின் வரலாறே ஒரு மாற்றத்தில் தொடங்குகின்றது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உலங்குவானூர்தி இறக்கைகளைத் தயாரித்துவந்த ஜான் பார்சன்ஸ், வளைவான பரப்புகளை எண்களின் உதவியுடன் வெட்டும் முறையொன்றை முன்வைத்தார். 1949ல் அமெரிக்க வான்படை இதற்கான ஒப்பந்தத்தை வழங்கியது. பின்னர் இப்பணியில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சர்வோ ஆய்வுக்கூடம் இணைந்தது. 1952ல் அங்கு பார்வையாளர்களுக்கு இயக்கிக் காட்டப்பட்ட முதல் எண்முறைப் பொறி, சின்சினாட்டி நிறுவனத்தின் ஹைட்ரோடெல் என்னும் துருவல் பொறியை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டதே. நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அதன் கட்டுப்படுத்தி, துளையிட்ட நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்தது.

இந்தியாவில் பொறிக்கருவி உற்பத்தி பெங்களூரை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1953ல் எச்.எம்.டி. நிறுவனமும், 1961ல் பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர் நிறுவனமும், 1962ல் பொறிக்கருவிகளுக்கான நடுவண் ஆய்வு நிறுவனமும் அங்கு தொடங்கப்பட்டன. எச்.எம்.டி. துருவல் பொறிகள் தமிழ்நாட்டின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பட்டறைகளிலும் பல பத்தாண்டுகளாக உழைத்துவருகின்றன. சி.என்.சி. பொறிகளைப் பயிலும் வாய்ப்பு முதலில் பெரிய ஆலைகளிலும், பின்னர் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த எம்டேப் நிறுவனத்தின் எக்ஸ்எல் மில், எக்ஸ்எல் டர்ன் ஆகிய சிறு பயிற்சிப் பொறிகள் பல பொறியியல் கல்லூரிகளின் கேட்/கேம் ஆய்வுக்கூடங்களில் இடம்பெற்றன.

தனி ஒருவர் தம் பட்டறையிலேயே இம்மாற்றத்தைச் செய்யும் நிலையை உருவாக்கியவை மூன்று. முதலாவது, விலை குறைந்த சீன மேசைத் துருவல் பொறிகளின் வரவு. ஷாங்காயின் சீக் நிறுவனம் தயாரித்த எக்ஸ்1, எக்ஸ்2, எக்ஸ்3 ஆகியன உலகெங்கும் வெவ்வேறு வணிகப் பெயர்களில் விற்கப்பட்டன. இரண்டாவது, ஸ்டெப்பர் மின்னோடிகளும் அவற்றின் இயக்கிகளும் மலிந்தமை. மூன்றாவது, மென்பொருள். அமெரிக்க அரசின் சீர்தரங்கள் மற்றும் தொழில்நுட்பத் தேசிய நிறுவனம் 1990களில் உருவாக்கிய ஈ.எம்.சி. என்னும் கட்டுப்பாட்டு மென்பொருள் பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது. தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த அதன் வழித்தோன்றல் 2011ல் லினக்ஸ்சிஎன்சி எனப் பெயர் மாற்றப்பட்டது. விண்டோசு இயங்குதளத்தில் மாக்3 பரவலாகப் பயன்பட்டது. 2009ல் வெளியான ஜிஆர்பிஎல், சிறிய ஆர்டுவினோ பலகை ஒன்றையே மூன்று அச்சுக் கட்டுப்படுத்தியாக ஆக்கியது.

காக்களூரும் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளும்

காக்களூர், திருவள்ளூர் நகரை ஒட்டி அமைந்துள்ள ஊராகும். 1970ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை இங்குள்ளது. இக்கழகம் சிட்கோ என்ற பெயரால் அறியப்படுகின்றது. இதே மாவட்டத்தின் வடகிழக்கில், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் உள்ளது. சென்னைப் பகுதியின் பழைய சிறுதொழில் மையம் 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையாகும்.

திருவள்ளூர் வட்டாரத்தில் பெரிய ஆலைகளும் உண்டு. 1998ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கு மிட்சுபிசி லான்சர் சீருந்துகளைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் அவ்வாலையில் சிட்ரோன் சீருந்துகள் உருவாயின. மண்ணகழ் பொறிகளைத் தயாரிக்கும் கேட்டர்பில்லர் ஆலையும் இவ்வட்டாரத்தில் உள்ளது. பெரிய ஆலைகள் உள்ள இடங்களில் கடைசல், துருவல், தகட்டு வேலை, வார்ப்பச்சுச் செப்பம் முதலியவற்றைக் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க் பட்டறைகளும் பெருகுவது இயல்பு.

இத்தகைய சிறு பட்டறை ஒன்றுக்கு வரும் வேலைகளில் ஒரு பகுதி, ஒரே வடிவில் 10 அல்லது 50 எண்ணிக்கை மட்டுமே கேட்கப்படும் பிடிசட்டங்கள், விளிம்புத் தட்டுகள், மாதிரி உறுப்புகள் ஆகியனவாகும். பெரிய சி.என்.சி. மையத்தில் கொடுத்துச் செய்ய இவ்வெண்ணிக்கை குறைவு; கையால் செய்ய அதிகம். மாற்றப்பட்ட மேசைப் பொறிக்கு உரிய இடம் இவ்விடைவெளியே. வேண்டிய பொருள்களில் மின்னணு உறுப்புகள் சென்னை ரிச்சி தெருவிலும், தாங்கிகள், வெட்டுளிகள் முதலியன பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கிடைக்கின்றன.

மாற்றத்துக்கு முன் பொறியை ஆய்தல்

மின்னோடிகளை வாங்கும் முன்னரே பொறியின் நிலையை அளந்து குறித்துக்கொள்வது முறையாகும். இதற்கு 0.01 மி.மீ. நுட்பமுள்ள டயல் கேஜ் ஒன்றும் அதன் காந்தப் பீடமும், நல்ல மூலைமட்டம் ஒன்றும் போதுமானவை.

- சுழல்தண்டு ஆட்டம்: சுழல்தண்டின் உட்கூம்பில் டயல் கேஜின் முனையை வைத்து, தண்டைக் கையால் மெதுவாகச் சுழற்றி அளக்கவேண்டும்.
- தலைப்பகுதியின் செங்குத்துத்தன்மை: சுழல்தண்டில் கேஜைப் பிடித்து, மேடையின் மீது வட்டமாகச் சுழற்றினால் எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவு காட்டவேண்டும். பட்டறைகளில் இது டிராமிங் எனப்படும்.
- அச்சுகளின் செங்கோணம்: மேடை மீது மூலைமட்டத்தை வைத்து, ஒரு விளிம்பை எக்ஸ் அச்சுக்கு இணையாக்கிய பின், மறு விளிம்பின் வழியே ஒய் அச்சை நகர்த்திப் பார்க்கவேண்டும்.
- வழுக்குத் தடங்களின் தளர்வு: சிறிய பொறிகளில் தடங்கள் புறாவால் வடிவில் அமைந்துள்ளன. அவற்றின் தளர்வை ஜிப் எனப்படும் மெல்லிய பட்டையும் அதை அழுத்தும் திருகாணிகளும் கட்டுப்படுத்துகின்றன.
- திருகின் பின்தளர்வு: இது கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

இவ்வளவுகள் மோசமாக இருப்பின், தடங்களைச் சுரண்டிச் சமன்செய்வதும் ஜிப் பட்டைகளைச் சீராக்குவதும் முதல் வேலைகளாகின்றன. இப்பணிக்குக் கணினி அறிவு தேவையில்லை. ஃபிட்டர் ஒருவரின் கைப்பழக்கமே தேவை.

பின்தளர்வு

திருகுக்கும் அதன் மரையாணிக்கும் இடையே எப்போதும் சிறிது இடைவெளி உண்டு. கைச்சக்கரத்தை ஒரு திசையில் சுழற்றிவிட்டு எதிர்த்திசையில் திருப்பும்போது, இவ்விடைவெளி கடக்கப்படும் வரை மேடை நகர்வதில்லை. இவ்வீணான திருப்பமே பின்தளர்வு. பட்டறை வழக்கில் பேக்லாஷ் எனப்படும்.

அனுபவமிக்க இயக்குநர் ஒருவர் எப்போதும் ஒரே திசையிலிருந்தே குறியை நெருங்குவதன் மூலம் இதனைச் சமாளிக்கின்றார். கணினிக் கட்டுப்பாட்டில் வட்டம் ஒன்றை வெட்டும்போது இவ்வுத்தி பயன்படாது. ஒவ்வோர் அச்சும் ஒரு சுற்றில் இருமுறை திசை திரும்பவேண்டியுள்ளது; அந்நான்கு இடங்களிலும் வட்டத்தின் விளிம்பில் சிறு தட்டைப் பகுதி அல்லது படி தோன்றும்.

பெரும்பாலான கட்டுப்பாட்டு மென்பொருள்களில் பின்தளர்வை ஈடுசெய்யும் வசதி உள்ளது. திசை மாறும்போது, அளந்து கொடுக்கப்பட்ட தொலைவைக் கூடுதலாகச் சேர்த்து நகர்த்துவதே அதன் செயற்பாடு. துளையிடும் வேலைக்கு இது பெரிதும் உதவும். ஆனால் துருவும்போது வெட்டு விசை மேடையைத் தன்போக்கில் தள்ளக்கூடும். வெட்டுளியின் பற்கள் மேடை நகரும் திசையிலேயே உலோகத்தைக் கடிக்கும் கீழ்த்துருவலில், இவ்விசை மேடையைத் தளர்வின் அளவுக்கு முன்னே இழுத்துவிடும். அப்போது பல்லொன்று எதிர்பாராத ஆழத்துக்கு உலோகத்தைக் கடித்து முறியலாம். கணினி இத்தாவலை அறிவதில்லை. எனவே மென்பொருள் ஈடு, இயந்திரத் திருத்தத்துக்கு மாற்றாகாது.

திருகுகளும் தாங்கிகளும்

பின்தளர்வைக் குறைக்கப் பரவலாகக் கையாளப்படும் வழி, பொறியோடு வரும் லீட் ஸ்குரூவை நீக்கிவிட்டுப் பால் ஸ்குரூவைப் பொருத்துவதாகும். லீட் ஸ்குரூவில் உலோகப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. பால் ஸ்குரூவில் திருகுக்கும் மரையாணிக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. இதனால் அதன் பயனுறுதிறன் 90 விழுக்காட்டை ஒட்டி அமைகின்றது. சாதாரண லீட் ஸ்குரூவுக்கு அது பொதுவாக இதில் பாதிக்கும் குறைவே.

மின்னோடி தரும் முறுக்கு விசை, மேடையை எவ்வளவு விசையுடன் தள்ளும் என்பதை எளிய சூத்திரம் ஒன்றால் கணிக்கலாம். முறுக்கு விசையை 2π ஆலும் பயனுறுதிறனாலும் பெருக்கி, ஒரு சுற்றுக்கான நகர்வால் வகுக்கவேண்டும். 1 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, 5 மி.மீ. நகர்வு, 0.9 பயனுறுதிறன் எனில் விசை ஏறத்தாழ 1,130 நியூட்டன் ஆகும். இது 115 கிலோ எடைக்கு நிகரான தள்ளுவிசை. அலுமினியம், பித்தளை ஆகியவற்றைத் துருவ இது தாராளமாகப் போதும்.

பால் ஸ்குரூவை மாற்றினால் மட்டும் போதாது. திருகின் முனையைத் தாங்கும் தாங்கிகள் அச்சுத் திசையில் ஆடினால், பால் ஸ்குரூவின் துல்லியம் வீணாகும். இதற்கெனக் கோணத்தொடுகைத் தாங்கிகள் இரண்டு எதிரெதிராக வைத்து இறுக்கப்படுகின்றன. மின்னோடித் தண்டையும் திருகையும் இணைக்கும் கப்ளிங், சிறு கோண வேறுபாட்டை ஏற்கவேண்டும். ஆனால் முறுக்கத்தில் தளரக்கூடாது.

இசட் அச்சுக்குத் தனிக் கவனம் தேவை. எக்ஸ்2 வகைப் பொறியில் தலைப்பகுதி பற்சட்டம் ஒன்றினால் ஏற்றி இறக்கப்படுகின்றது. அதில் தளர்வு அதிகம் என்பதால், மாற்றத்தின்போது தூணின் அருகே புதிய திருகு ஒன்று பொருத்தப்படும். மேலும், உராய்வு குறைந்த பால் ஸ்குரூ, மின்னோடியில் மின்சாரம் நின்றவுடன் தலைப்பகுதியின் எடையால் தானே பின்னோக்கிச் சுழலக்கூடும். எனவே எதிர்எடை, வளிமச்சுருள் அல்லது மின்காந்தத் தடை ஒன்று அவசியமாகும்.

மின்னோடிகள்

சிறு பொறிகளில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மின்னோடிகள் பயன்படுகின்றன. பொதுவான வகையில் ஒரு முழுச் சுற்று 200 படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு படி 1.8 பாகை. ஒவ்வொரு மின்துடிப்புக்கும் மின்னோடி ஒரு படி நகரும். எனவே நிலையை அளந்து திருப்பித் தெரிவிக்கும் உணரி எதுவும் இன்றியே, துடிப்புகளை எண்ணி நிலையைக் கணிக்கலாம். 57 மி.மீ. சதுர முகமுள்ள நேமா 23, 86 மி.மீ. முகமுள்ள நேமா 34 ஆகியன இவ்வேலைக்குப் பழக்கமான அளவுகள்.

விற்பனைத் தாளில் காணும் முறுக்கு விசை, மின்னோடி நின்ற நிலையில் தாங்கும் அளவாகும். வேகம் கூடக்கூட இவ்விசை விரைந்து குறைகின்றது. சுருளின் தூண்டம் மின்னோட்டம் உயர்வதைத் தாமதப்படுத்துவதே இதற்குக் காரணம். இதனை ஈடுகட்ட, மின்னோடியின் பெயரளவு மின்னழுத்தத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்த மின்னழுத்தம் இயக்கிக்குக் கொடுக்கப்படுகின்றது. சுருளின் தூண்டத்தை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32 ஆல் பெருக்கினால் கிடைக்கும் வோல்ட் அளவு, உச்ச வரம்புக்கான பட்டறிவு விதியாகும். 2.5 மில்லிஹென்றி எனில் இது ஏறத்தாழ 50 வோல்ட். இயக்கி தாங்கும் உச்ச மின்னழுத்தத்தை எந்நிலையிலும் மீறக்கூடாது.

சுமை மிகுந்தால் ஸ்டெப்பர் மின்னோடி படிகளைத் தவறவிடும். கட்டுப்படுத்திக்கு இது தெரியாது என்பதால் அதன்பின் வெட்டப்படும் அனைத்தும் இடம் பெயர்ந்திருக்கும். சர்வோ மின்னோடிகளில் நிலை உணரி உள்ளதால் பிழை உடனே கண்டறியப்படுகின்றது, விலை கூடுதல். உணரி பொருத்திய ஸ்டெப்பர் மின்னோடிகள் இவ்விரண்டுக்கும் நடுவே அமைகின்றன. ஆயினும் உணரி வழக்கமாக மின்னோடித் தண்டில் இருப்பதால், திருகின் பின்தளர்வு இவற்றுக்கும் தெரியாது.

கட்டுப்படுத்தியும் மென்பொருளும்

வேலை மூன்று கட்டங்களாக நிகழ்கின்றது. முதலில் கேட் மென்பொருளில் உறுப்பு வரையப்படுகின்றது. பின்னர் கேம் மென்பொருள், வெட்டுளியின் விட்டத்தைக் கருத்திற்கொண்டு அது செல்லவேண்டிய பாதையைக் கணித்து ஜி-கோட் என்னும் கட்டளை வரிகளாக எழுதுகின்றது. இறுதியாகக் கட்டுப்படுத்தி அவ்வரிகளைப் படித்து, ஒவ்வோர் அச்சுக்கும் உரிய துடிப்புகளை அனுப்புகின்றது. ஜி-கோடில் ஜி0 விரைவாக இடம் மாறுவதையும், ஜி1 குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டுவதையும், ஜி2, ஜி3 ஆகியன முறையே வலஞ்சுழி, இடஞ்சுழி வளைவுகளையும் குறிக்கின்றன. மேற்கூறிய ஆறு துளைத் தகட்டுக்கு கேம் மென்பொருள் கூடத் தேவையில்லை. சில வரிகளைக் கையாலேயே எழுதிவிடலாம்.

தொடக்க காலத்தில் கணினியின் பிரிண்டர் துறை, அதாவது பேரலல் போர்ட், வழியே துடிப்புகள் அனுப்பப்பட்டன. புதிய கணினிகளில் இத்துறை அரிதாகிவிட்டது. 64 பிட் விண்டோசு இயங்குதளத்தில் மாக்3 இத்துறையைப் பயன்படுத்த இயலாது. லினக்ஸ்சிஎன்சி, நிகழ்நேரக் கருநிரலின் துணையுடன் பழைய கணினியிலும் நன்கு இயங்குகின்றது. ஆர்டுவினோ யூனோ பலகையில் இயங்கும் ஜிஆர்பிஎல், நொடிக்கு 30,000 துடிப்புகள் வரை தரவல்லது.

இவ்வளவு போதுமா என்பதைக் கணக்கிட்டு அறியலாம். 200 படிகள் கொண்ட மின்னோடியின் ஒவ்வொரு படியையும் இயக்கி 8 நுண்படிகளாகப் பிரித்தால், ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்புகள் வேண்டும். திருகின் நகர்வு 5 மி.மீ. எனில், ஒரு மி.மீ.க்கு 320 துடிப்புகள். நிமிடத்துக்கு 1,500 மி.மீ. வேகத்தில் மேடை நொடிக்கு 25 மி.மீ. நகரும், அதற்கு நொடிக்கு 8,000 துடிப்புகள் போதும். நுண்படிகளைக் கூட்டுவதால் துல்லியம் அதே விகிதத்தில் கூடாது. இயக்கம் வழவழப்பாவதே நுண்படிகளின் முதன்மைப் பயனாகும்.

மின்னிணைப்பும் மின்தடையும்

மின்னோடிக் கம்பிகளும் உணரிக் கம்பிகளும் தனித்தனி வழியே செல்லவேண்டும். எல்லை ஆளிகளுக்குக் கவசக் கம்பியைப் பயன்படுத்தி, கவசத்தை ஒரு முனையில் மட்டும் நிலத்தொடுப்புடன் இணைப்பது வழக்கம். இல்லையெனில் சுழல்தண்டு மின்னோடியின் மின்னிரைச்சலால் பொறி காரணமின்றி நின்றுபோகும். மின்சாரம் பாயும் நிலையில் ஸ்டெப்பர் மின்னோடியின் இணைப்பைக் கழற்றினால் இயக்கி பெரும்பாலும் பழுதாகும்.

அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளுக்குச் செய்தி அனுப்புவதோடு நில்லாமல், மின்னோடிகளுக்கும் சுழல்தண்டுக்கும் செல்லும் மின்சாரத்தைத் தொடுகைமாற்றி வழியே நேரடியாகத் துண்டிக்கவேண்டும். கணினி உறைந்துபோன வேளையில்தான் அப்பொத்தான் மிகவும் தேவைப்படும்.

2012ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தமிழ்நாடு கடும் மின்வெட்டைச் சந்தித்தது; சிறு பட்டறைகள் அதில் பெரிதும் பாதிக்கப்பட்டன. வேலையின் நடுவே மின்சாரம் நின்றால், உணரியற்ற ஸ்டெப்பர் பொறி தன் நிலையை மறந்துவிடும். இதற்குத் தீர்வாக ஒவ்வோர் அச்சின் முனையிலும் தொடக்கநிலை ஆளி ஒன்று பொருத்தப்படுகின்றது. மின்சாரம் திரும்பியதும் பொறி அவ்வாளிகளைத் தொட்டுத் தன் தொடக்கப் புள்ளியை மீண்டும் அறிகின்றது. பணிப்பொருளின் தொடக்கப் புள்ளி அங்கிருந்து எவ்வளவு தொலைவு என்பதைக் குறித்து வைத்திருந்தால், பாதியில் நின்ற வேலையைத் தொடரலாம். கணினிக்கு மட்டும் யு.பி.எஸ். வைப்பது போதிய பாதுகாப்பன்று. மின்னோடிகள் நின்றபின்னும் கணினி துடிப்புகளை எண்ணிக்கொண்டே செல்லும். மின்தடையைக் கணினிக்கு உணர்த்தும் இணைப்பும் உடன் தேவை.

சரிபார்த்தல்

முதலில் ஒரு மி.மீ.க்கான துடிப்பு எண்ணிக்கை கணக்கிட்டபடி உள்ளதா என்பது நீண்ட நகர்வு ஒன்றால் சரிபார்க்கப்படும். பின்னர் டயல் கேஜை மேடையின் முனையில் வைத்து, ஒரு திசையில் நகர்த்தி நிறுத்தி, எதிர்த்திசையில் 0.01 மி.மீ. வீதம் நகர்த்தவேண்டும். முள் அசையத் தொடங்கும் வரை கட்டளையிட்ட தொலைவே பின்தளர்வாகும். பொறியை நூறு முறை முன்னும் பின்னும் விரைவாக ஓட்டி, மீண்டும் அதே புள்ளிக்கு வருகின்றதா எனப் பார்ப்பதன் மூலம் படிகள் தவறுகின்றனவா என அறியலாம்.

இறுதிச் சோதனை உலோகத்தில் நிகழ்கின்றது. அலுமினியத் தகட்டில் வட்டம் ஒன்றும், அதைச் சூழ்ந்த சதுரம் ஒன்றும் வெட்டப்படும். வட்டத்தின் விட்டம் எக்ஸ், ஒய் திசைகளில் வேறுபட்டால் துடிப்பு எண்ணிக்கையோ பின்தளர்வோ காரணம். மூலைவிட்டத் திசைகளில் வேறுபட்டால் அச்சுகள் செங்கோணத்தில் இல்லை என்பது பொருள்.

பாதுகாப்பு

கையால் இயக்கும் பொறியில், தவறு நேர்ந்தால் இயக்குபவரின் கை அதனை உணர்ந்து நிறுத்திவிடும். கணினி இயக்கும் பொறிக்கு அவ்வுணர்வு இல்லை. பிடிசட்டத்தின் மீதே வெட்டுளியைச் செலுத்தும்படி நிரலில் இருந்தால் அவ்வாறே செய்யும். எனவே புதிய நிரல் ஒன்றை முதலில் வெட்டுளியைப் பணிப்பொருளுக்கு மேலே உயர்த்தி வைத்து, வெற்றாக ஓட்டிப் பார்ப்பது நடைமுறை. கண்காப்புக் கண்ணாடி எப்போதும் தேவை. சுழலும் வெட்டுளியின் அருகே கையுறை அணிவது ஆபத்தானது. துணி சிக்கினால் கையையும் இழுத்துவிடும். மின்வழங்கியின் மின்தேக்கிகளில், ஆளியை அணைத்த பின்னும் சிறிது நேரம் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பயனும் வரம்புகளும்

மாற்றப்பட்ட மேசைப் பொறி, தொழிலகப் பொறி மையம் ஒன்றுக்கு நிகராகாது. அதன் சட்டகம் எடை குறைந்தது. சுழல்தண்டின் திறனும் குறைவு. எஃகைத் துருவும்போது வெட்டின் ஆழத்தை மிகவும் குறைக்கவேண்டியிருக்கும். வெட்டுளியைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியும் வழக்கமாக இராது. நாள் முழுதும் ஓடவேண்டிய, ஆயிரக்கணக்கான எண்ணிக்கையிலான வேலைக்கு இதனை நம்பி ஒப்பந்தம் ஏற்பது பொருத்தமன்று. சிறு எண்ணிக்கை வேலைகள், பிடிசட்டங்கள், அலுமினிய முன்மாதிரிகள், எழுத்துப் பொறிப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கு இது ஏற்றது. பொறியைத் தானே கட்டியவர் அதன் ஒவ்வோர் இணைப்பையும் அறிந்திருப்பதால், பழுது நேரும்போது வெளியாரை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

கணினிக் கட்டுப்பாடு தொழிலாளரின் திறனைத் தேவையற்றதாக்கிவிடும் என்ற கருத்து நெடுநாளாகவே உண்டு. வரலாற்றாளர் டேவிட் நோபிள் 1984ல் வெளியிட்ட நூலில், கைத்திறனாளர் ஒருமுறை செய்துகாட்டிய அசைவுகளைப் பதிந்து திரும்ப நிகழ்த்தும் முறையும் ஒரு காலத்தில் முயன்று பார்க்கப்பட்டது என்பதைச் சுட்டி, எண்முறைக் கட்டுப்பாடே நிலைபெற்றதற்கு நிர்வாகத்தின் விருப்பமும் ஒரு காரணம் என வாதிட்டார். பெரிய ஆலையில் நிரல் எழுதுபவரும் பொறியை இயக்குபவரும் வெவ்வேறு மனிதர்களாக உள்ளனர். சிறு பட்டறையில் மாற்றப்பட்ட பொறிக்கு இவ்விருவரும் ஒருவரே. பணிப்பொருளைப் பிடிக்கும் முறை, வெட்டுளியின் தேர்வு, வெட்டின் ஒலியைக் கேட்டு வேகத்தைக் குறைப்பது ஆகியன கையால் இயக்கிப் பழகியவருக்கே எளிதில் வருகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகளில் பயின்ற ஒருவர் ஜி-கோடைச் சில வாரங்களில் கற்கலாம்; நிரல் மட்டும் அறிந்த ஒருவர் உலோகத்தின் போக்கை அறிய அதைவிட நெடுநாளாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- துருவல் பொறி
- கடைசல் பொறி
- எண்முறைக் கட்டுப்பாடு
- ஸ்டெப்பர் மின்னோடி
- பால் ஸ்குரூ
- லினக்ஸ்சிஎன்சி
- திருவள்ளூர் மாவட்டம்